சாம்பல் வீரனின் கடைசிப் பகுதி

விடுமுறை முடிந்து சாத்தூரிலிருந்து வளைகுடா நாட்டு முசஃபாவுக்கு வேலைக்குத் திரும்பிய வீரபாண்டியின் பெட்டியில் சேவும் கருவாடும் இருந்தன. அவற்றுக்கு அடியில், வேட்டியில் சுற்றி, கூட வேலை பார்க்கும் மார்க்கண்டு பள்ளிக்கூட நாளிலிருந்து காத்திருந்த காமிக்ஸ் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் அவனுக்குக் கை வரவில்லை.

மார்க்கண்டு யாழ்ப்பாணத்து நெல்லியடிக்காரர். இருவருக்கும் ஒரே வெல்டிங் பட்டறை, ஒரே ரூம். பேச்சுவாக்கில் ஒருநாள் சாம்பல் வீரனின் பெயர் அடிபட, அன்றே ஒட்டிக்கொண்டார்கள். வெளிநாட்டுக் கதைதான், தமிழில் அச்சாகி இரண்டு கரைக்கும் போனது. சிறுவனாகக் கப்பலில் வந்திறங்கிய வீரன், எரிந்துபோன தன் ஊரின் சாம்பலை நெற்றியில் பூசியிருப்பான். அதனாலேயே அவன் நம்மாள் என்று சாத்தூர்ப் பையன்களும் நம்பினார்கள், நெல்லியடிப் பையன்களும் நம்பினார்கள். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவான். இருட்டினால் கூலியைக் குறைத்த முதலாளியைக் கிரேனில் தொங்கவிடுவான். குடிசை இடிக்க வந்தவர்களைக் கடலில் வீசுவான். எந்த ஊர்ப் பத்திரமும் அவனிடம் கிடையாது. அதை வரைந்தவரே அகதியாய் வந்த தையல்காரர் ஒருவரின் மகன் என்று ஆசிரியர் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

கடைசிக்கு முந்திய பகுதியில் மேயர் அவனிடம் குடியுரிமைப் பத்திரத்தை நீட்டுகிறார். தொடரும். அதோடு யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு, நெல்லியடிக்குப் புத்தகம் வருவது நின்றுபோனது.

மார்க்கண்டுவுக்கும் அவருடைய அண்ணன் சிவகொழுந்துவுக்கும் அதில் ஒரு பந்தயம். பத்திரம் கிடைத்தால் வீரனும் மாறிவிடுவான் என்றார் அண்ணன். மாறவே மாட்டான் என்றார் தம்பி. தோற்றவன் மற்றவனைச் சைக்கிளில் ஏற்றிப் பருத்தித்துறை வரை மிதிக்க வேண்டும். பிறகு அண்ணன் படகேறி, எங்கெங்கோ அலைந்து, டென்மார்க்கில் குடியுரிமை வாங்கினார். இப்போதெல்லாம் போனில், புதிதாக வருகிற சனத்தால் நாடு கெட்டுப்போச்சுது, கதவைச் சாத்த வேண்டும் என்கிறாராம். போனை வைத்ததும் மார்க்கண்டு, வீரன் மாறியிருக்கவே மாட்டான் என்று ஆரம்பிப்பார்.

அந்த அண்ணன் இந்த வாரம் ஊருக்கு வருகிறார். மார்க்கண்டுவும் வேலையை முடித்துக்கொண்டு, வீரபாண்டி வந்து சேரும் அன்றே ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். புத்தகத்தை அண்ணன் மடியில் போடுவதுதான் அவருடைய ஆசை. வீரபாண்டியின் அப்பா அச்சாபீசில் பைண்டராக இருந்தவர்; வீட்டுப் பரணில் அந்தப் பகுதி கிடக்கும் என்று வாக்குக் கொடுத்தவனே வீரபாண்டிதான்.

விமானத்தில் அதைப் படித்துப் பார்த்தான். சின்ன வயதில் படித்தது சுத்தமாக நினைவில்லை. கடைசிப் பக்கத்தில் வீரன் நெற்றிச் சாம்பலைத் துடைத்துவிட்டு, காவல் உடுப்போடு கரையில் நின்று, சனம் நிறைந்த ஒரு கப்பலைக் கைகாட்டித் திருப்பி அனுப்புகிறான்.

ரூமுக்கு வந்ததும், அப்பாவிடம் பழகிய கையால் பின்னை நிமிர்த்தி அந்தத் தாளை அப்படியே உருவினான். கிழித்த தடம் தெரியாது. ஆனால் நடுவில் பின் அடித்த புத்தகத்தில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளின் இரண்டு பாதி. முதல் பக்கமும் கூடவே வந்துவிட்டது. எல்லாப் பகுதியிலும் வருகிற அதே முன்கதைப் படந்தானே, யார் தேடப்போகிறார்கள் என்று தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, புத்தகத்தைக் கொடுத்தான்.

மார்க்கண்டு அட்டையைத் திருப்பினார். கடைசிக்குப் போகவேயில்லை.

"தம்பி, பெடியன் எங்கை?"

"எந்தப் பையன்ணே?"

"முதல் பக்கத்திலை கப்பல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கரையைப் பாக்கிற பெடியன். அவன் இல்லாமல் ஒரு புத்தகமும் வந்ததில்லை." பின்னை விரலால் தடவினார். "நீ பைண்டரின்ரை மகன் எல்லோ. எடு."

வீரபாண்டி தலையணையைத் தூக்கினான். அவர் படித்தார்.

"பந்தயத்திலை அண்ணைதான் வெண்டிட்டார்," என்றார். "இந்த முழங்காலோடை பருத்தித்துறைக்கு மிதிக்கோணும்."

"அண்ணே, இந்தத் தாளு இங்கயே கெடக்கட்டும். கடைசித் தாளு கெடைக்கலன்னு சொல்லிருங்க. அவரு என்ன கண்டாரு?"

மார்க்கண்டு தாளைக் கட்டிலில் விரித்தார். இடப்பாதியில் உடுப்போடு கையோங்கி நிற்கிறான் வீரன். வலப்பாதியில் கம்பியைப் பிடித்தபடி அந்தப் பையன். நடுவில் பின் குத்திய இரண்டு துளை, வேறு ஒன்றுமில்லை.

"இப்பிடி விரிச்சுத்தான் அண்ணைக்குக் காட்டப்போறன்," என்றார். "அவர் வடிவாப் பாக்கட்டும். பிறகு சைக்கிள் மிதிக்கிறன்."

வீரபாண்டி, விரித்ததும் இரண்டு படமும் சேர்ந்தே தெரியும்படி தாளைத் திருப்பிப் புத்தகத்தின் நடுவில் செருகி, கரண்டிக் காம்பால் பின்னை மடக்கத் தொடங்கினான். கீழே ஏர்போர்ட் வண்டிக்காரன் ஹாரன் அடித்து யல்லா, யல்லா என்று அவசரப்படுத்தினான்.

"அவன் நிக்கட்டும்," என்றார் மார்க்கண்டு. "நீ ஆறுதலாக் குத்து."