அனைவரும், அதோடு ரூமியானா

ஜூன் முப்பதாம் தேதி காலை, எங்கள் ஊர் செர்ரிக் கூட்டுறவு அலுவலகம் அங்கே வேலை பார்க்கும் ஐந்து பேரையும் உள்ளே விட மறுத்தது. கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் வலது காலை எடுத்து உள்ளே வைத்தவர் மறுகணம் தெருவைப் பார்த்தபடி வெளியே நின்றார். தலைவி வெலிச்கா இடது காலையும் வைத்துப் பார்த்தார். பலன் அதேதான்.

முந்தின நாள் பேதுரு திருநாள். பேதுரு என்றாலும் கமென் என்றாலும் கல் என்றே பொருள் என்பதால், கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் கமெனுக்கும் அதுவே பெயர்நாள், அதாவது தன் பெயருக்குரிய புனிதரின் திருநாள். பெயர்நாளுக்கு எங்கள் ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். கமென் ஒரு படி மேலே போய், அலுவலகக் கணினியின் பொதுக் கோப்புறையில், யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலில் 'அனைவரும்' என்று சேர்த்து, அனுமதி என்று குறியிட்டான். அந்தக் கட்டடம் கோப்புறையின் பேச்சைத்தான் கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். எட்டுப் பேர் உட்கார்ந்தாலே மூச்சுமுட்டும் அறைக்குள் ஊரே வந்து உட்கார்ந்தது, இடமும் மிச்சமிருந்தது. செத்துப்போன ஸ்டேஷன் மாஸ்டர்கூட வந்து, கோழிக்காலைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, உப்புக் கம்மி என்றார். எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ரூமியானா மட்டும் வரவில்லை.

அவள் முன்பு அதே அலுவலகத்தில் இருந்தவள். அந்தக் கோப்புறையை உருவாக்கியதே அவள்தான். கமெனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பியதும், ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டதும், அவள் வேலையை விட்ட அன்றே அவன் அனுமதியிலிருந்து அவள் பெயரை நீக்கியதும் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரெதிர்த் திசை பார்த்து நடந்தார்கள். அவள் வராத கடுப்பில், விருந்து முடிந்ததும் கமென் தான் போட்ட அனுமதியை எடுக்காமல், 'அனைவரும்' என்பதற்கு நேரே மறுப்பு என்று குறியிட்டுவிட்டுப் போனான். நூறு அனுமதியை ஒரு மறுப்பு விழுங்கிவிடும். அந்த அனைவரில் தானும் உண்டு என்பதை மறந்துவிட்டான், பாவி.

தெருமுனையில் செர்ரி ஏற்றிய லாரிகள் நின்றன. எல்லையைத் தாண்டுவதற்கான தாள்கள் கோப்புறைக்குள் இருந்தன. வெயில் ஏற ஏற, ஊரின் ஒரு வருட உழைப்பு பெட்டிக்குள் வியர்த்தது. கமென் நடைபாதையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து வயரைப் பார்த்தான், கடவுச்சொல்லைப் பார்த்தான், அணைத்துப் போட்டான். எல்லாம் சரியாக இருந்தன, அனுமதிதான் இல்லை.

"செர்ரி அழுகுச்சுன்னா உன்னத்தான்டா ஜாம் போடுவேன்," என்றார் வெலிச்கா.

"உருவாக்குனவங்களுக்கு மட்டும் அந்த மறுப்ப எடுக்கற உரிமை உண்டுக்கா."

"அப்ப போய்க் கூப்பிடேன்டா! கால்ல ஆணியா அடிச்சிருக்கு?"

கமென் தெருவைக் கடந்தான். ரூமியானா ஒருவருக்குப் பாதித் தலைதான் முடி வெட்டியிருந்தாள்.

"நேத்து ஏன் வரல? கதவு எல்லாருக்கும் தொறந்துதான இருந்துச்சு."

"எல்லாருக்கும்னா? பேர மட்டும் தனியா எடுக்கத் தெரிஞ்சுதுல்ல, தனியா போடத் தெரியாதா?"

கத்தரி நின்றது. பாதித் தலையோடு இருந்தவர் கண்ணாடி வழியே இருவரையும் பார்த்தார்.

"வா ரூமி," என்றான் கமென். "உன்னத்தான் கூப்பிடறேன்."

அவள் கத்தரியோடு வந்து அலுவலக நிலையைத் தாண்டினாள். கோப்புறையை உருவாக்கியவளுக்குக் கட்டடம் சத்தமில்லாமல் வழிவிட்டது. பழைய கடவுச்சொல் அவளுக்கு மறக்கவில்லை. அது அவன் பெயர்தான். மறுப்பை எடுத்தாள், கூடவே 'அனைவரும்' என்பதற்குப் போட்ட அனுமதியையும் எடுத்தாள். பட்டியலில் வேலை பார்க்கும் ஐந்து பேரின் பெயர்கள் மட்டும் மிஞ்சின. ஐவரும் உள்ளே விழுந்தடித்து ஓடினார்கள். லாரிகள் கிளம்பின. பாதித் தலைக்காரர் அப்படியே கைதட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொன்னால் என்ன.

அடுத்த பேதுரு திருநாளுக்குள் அவர்களுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போதும் ஒவ்வொரு பெயர்நாளுக்கும் கமென் 'அனைவரும்' என்று சேர்க்கிறான், மறுநாள் எடுத்துவிடுகிறான். அதற்குக் கீழே 'ரூமியானா' என்ற வரி வருடம் முழுக்க அப்படியே இருக்கிறது. அலுவலகத்தில் அவளுக்கு வேலை எதுவும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தவறாமல் வருகிறார், இப்போது உப்பைத் தானே கொண்டுவருகிறார்.