ஐம்பத்தோராவது தட்டு

கீரமங்கலத்தில் அக்கா மகள் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோக மலையாண்டி தட்டுகளை எண்ணினான், ஐம்பதுதான் இருந்தது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் போக வேண்டும். பொண்டாட்டியின் அலமாரியிலிருந்து ஒரு மேசைக் கடிகாரத்தை எடுத்து ஐம்பத்தோராவது தட்டில் வைத்துவிட்டான். அவனுக்கு அது மணி பார்க்கிற சாமான்.

அவன் பொண்டாட்டி செவந்தி பத்து வருடமாக எனாமல் கடிகாரங்கள் சேர்க்கிறவள். இருப்பதிலேயே இதுதான் உசத்தி. பித்தளைக் கம்பியால் மயிரிழைப் பாத்தி கட்டி, பாத்திக்குப் பாத்தி கண்ணாடிப் பொடி நிரப்பி, சூளையில் உருக்கிய நீலத் தாமரை. மண்டபத்தில் அதைத் தட்டில் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"சும்மா பார்வைக்குத்தான். சாயங்காலம் திரும்ப வாங்கித் தாரேன்," என்றான் மலையாண்டி.

சாயங்காலம் அவன் வாயே திறக்கவில்லை. அவளே போய்க் கேட்டாள்.

"தட்டுல ஏறுனது திரும்புமா, செவந்தி?" என்று நாத்தனார் சிரித்தாள். மலையாண்டி மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத்தான் செவந்தியால் மன்னிக்க முடியவில்லை.

வைகாசியில் மலையாண்டியின் தங்கச்சி மகள் சடங்கு வந்தது. அன்றைக்கும் ஒரு தட்டு குறைந்தது. பிள்ளையைப் போல் அவன் தினமும் துடைத்து வைக்கும் புல்லட்டின் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் தட்டில் வைத்து, பூச்சுற்றி, ஊர்வலத்தின் முன்னால் ஏந்திப் போனாள் செவந்தி. சின்ன நாத்தனார் தட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் மலையாண்டி பார்த்தான்.

"அடியே, என்னடி பண்ணிட்ட?"

"சும்மா பார்வைக்குத்தாங்க," என்றாள் செவந்தி. "போய்க் கேளுங்க, தருவாங்க."