இருமுறை திருத்தப்பட்ட வரி

இந்தோனேசியாவில் காருட் என்ற ஊரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்திருந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினிகள் ஒவ்வொன்றாக உறைந்துபோகின்றன, எழுதியதெல்லாம் போய்விடுகிறது என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

பழைய கணினிகளுக்கென்றே சிலர் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்த இயங்குதளம் அது. லும்புங் என்று பெயர். மற்றவர்கள் எழுதி அனுப்புவதைச் சரிபார்த்து உள்ளே சேர்க்கும் உரிமை இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் விர்யா. இன்னொருத்தி ரெங்கானிஸ். விர்யா எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

பாண்டுங்கில் தன் வீட்டு மாடியறையில் ரெங்கானிஸ் பிழையைத் தேடத் தொடங்கினாள். ஒழுங்காக ஓடிய பதிப்பு ஒன்று, ஓடாத பதிப்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ளதை எடுத்து ஓட்ட வேண்டும். அது உறைந்தால் பிழை அதற்கு முன்பே நுழைந்திருக்கிறது. உறையாவிட்டால் அதற்குப் பின்பு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு மாற்றம் கையில் நிற்கும். அவளுக்குப் பிடித்த வேலை. யார் மீதும் சந்தேகம் கொள்ளத் தேவையில்லாத தேடல் என்று எப்போதும் நினைத்துக்கொள்வாள்.

கையில் நின்றது விர்யாவின் மாற்றம்.

எங்கோ தவறிவிட்டோம் என்று முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். அதுவேதான் நின்றது. படித்துப் பார்த்தாள். ஒரு வரி மட்டுமே. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டையும் எத்தனை நிரல்கள் பயன்படுத்துகின்றன என்று ஓர் எண் இருக்கும். ஒரு நிரல் விலகும்போது அந்த எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். குறைக்க விட்டுப்போயிருந்த இடத்தில் அவர் அதைச் சேர்த்திருந்தார். சரியான திருத்தம். இதில் என்ன குறை காண்பது?

பிறகுதான் கோப்பை முழுதாகத் திறந்தாள். கொஞ்சம் மேலே அதே வரி ஏற்கெனவே இருந்தது. நோன்பு மாதத்தில் விர்யாவே சேர்த்தது. பெருநாள் கழித்து மறுபடியும் சேர்த்திருக்கிறார். வீட்டிலிருந்த ஏதோ பழைய பிரதியில் வேலை செய்திருக்க வேண்டும். நடுவில் வேறு யாரோ நாலு வரி நுழைத்திருந்ததால், இரண்டாவது திருத்தமும் முணுமுணுப்பில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய பிரதியில் யாரும் தவறுதலாக வேலை செய்யலாம். அவளே செய்திருக்கிறாள். அந்த எண்ணத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் இரண்டு திருத்தங்களோடும் அவர் எழுதியிருந்த குறிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வார்த்தைகள் வேறு. மகிழ்ச்சி ஒன்று. இவ்வளவு நாளாக யார் கண்ணிலும் படாததைப் பிடித்துவிட்டேன் என்கிற அதே மகிழ்ச்சி, புத்தம்புதிதாக.

குழுவினரின் கூட்டமொன்றில் சொன்னதையே அவர் திரும்பச் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அவளும் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் பிற்பகல் மழையோடு, விர்யாவின் வீடிருக்கும் உஜுங்பெருங் போனாள். விர்யாவின் மனைவி எந்தின் கதவைத் திறந்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி ரெங்கானிஸுக்கு அவள் தேஹ், அதாவது அக்கா; விர்யா காங், அண்ணன்; அவருக்கு இவள் நெங், தங்கை.

"வா வா. காலையிலேருந்து அந்தப் பெட்டியோடதான் குடித்தனம் நடக்குது. நான் வெறும் சமையக்காரி."

"உங்க பஜ்ஜிக்காகத்தான் தேஹ் வந்தேன்."

"பொய் சொல்லக் கத்துக்கிட்டே" என்று எந்தின் அடுப்படிக்குப் போனாள்.

விர்யா திரையை அவள் பக்கம் திருப்பி, "எங்கே, உன் உறைபனியைக் காட்டு" என்றார். ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் விரல்கள் பழைய வேகத்திலேயே ஓடின. அவள் எதுவும் சொல்வதற்கு முன்பே இடத்தைப் பிடித்துவிட்டார்.

"அட, பாரு நெங். வீட்டுலேருந்து ஒரு விருந்தாளி கெளம்புறார். ரெண்டு பேர் போயிட்டதா எழுதி வச்சிருக்கான். உள்ளே இன்னொருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே வீட்டை இடிச்சா? எந்தப் புத்திசாலி இவன்?"

புதிதாக வந்த யாரோ ஒருவன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் எழுதியவர் பெயரைக் காட்டும் விசையை அவர் தட்டிவிட்டிருந்தார்.

இரண்டு வரிகளுக்கும் எதிரே ஒரே பெயர் வந்து நின்றது.

"ரெண்டும் நானா?"

"ஆமா காங்."

"பழைய பிரதின்னு சொல்லப்போறே."

"அதுவாவும் இருக்கலாம்."

"மொதல்ல கண்டுபிடிச்சது ஞாபகமே இல்லை நெங்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எந்தின் சொல்லிக்கிட்டே இருந்தா. எரிஞ்சு விழுந்தேன். சாவி, குடை, மச்சான் பேரு, இதெல்லாம் யாருக்குத்தான் மறக்காதுன்னு. இதுக்குள்ள அது வராதுன்னு நெனச்சேன்."

திரையைத் தொட்ட அவர் விரலை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அவருக்கு ஆறுதல் என்பது எப்போதும் சரியான விடை மட்டும்தான் என்பதும் தெரிந்தது.

இரண்டாவது வரியை அவரே நீக்கினார். குறிப்பில், 'என் தவறு. ஏற்கெனவே திருத்தியதை மறந்து மறுபடி திருத்தினேன்' என்று எழுதிப் பெயரிட்டார்.

"என் உரிமையை எடுத்துடு."

"காங், நான் கூட இருந்து பாத்துக்கிறேன். நீங்க எழுதுங்க."

"எழுதுறேன், மத்தவங்க மாதிரி உனக்கு அனுப்புறேன். எடுத்துடு. மறந்துட்டு ஒருநாள் உன்கிட்ட சண்டைக்கு வருவேன். அப்பவும் குடுத்துடாதே. உனக்கு எளகின மனசு, அதான் இப்பவே சொல்றேன்."

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்தாள். ஒரு விசையைத் தட்டினால் முடிகிற வேலை. அதை முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. புதிய பதிப்பு வெளியானது. எங்கும் எதுவும் உறையவில்லை. அவள் அவருடைய கோபத்துக்குத் தயாராக இருந்தாள். என்னென்ன கத்துவார், எதற்கு எப்படி அசையாமல் நிற்பது என்று குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் விர்யா அழைத்தார். குரலில் கோபமே இல்லை.

"நெங், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ. சர்வர்ல ஏதோ கோளாறு போல. என்னை உள்ளே விட மாட்டேங்குது. நேரம் இருக்கும்போது கொஞ்சம் பாரேன்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். நாளையும் அதையே சொல்லலாம். ஆனால் அவரிடம் அவள் இதுவரை பிழையை மறைத்ததில்லை. சொன்னாலோ, அந்த மழைநாள் அவருக்கு மறுபடி முதல்முறையாக நடக்கும். இனி ஒவ்வொரு தடவையும் முதல்முறையாகவே நடக்கும். அவளுக்கு மட்டும்தான் அது திரும்ப நடக்கும்.

"சர்வர்ல கோளாறு இல்லை காங். தேஹ் எந்தின் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா. ஏன், பெரிய பிழையா?" என்றார் ஆவலாக. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "சொல்லு, சொல்லு."