திம்மராயன் வகையறா

“எல்லா விரலும் ஒரே மாதிரி இருக்குதே, இதுல எங்கப்பாவுது எதுன்னு சர்க்காருக்கு எப்பிடித் தெரியும்?”

ஓசூர் தாலுகா ஆபீஸ் புளியமரத்தடியில் எட்டு வயதுக் காவேரி இப்படிக் கேட்டபோது, மனுவில் கைநாட்டு வைக்க வந்திருந்த பதினேழு பேரும் சிரித்துவிட்டார்கள். நாராயணப்பனும் சிரித்தான். பின்னாளில் அந்தக் கேள்வி நினைவுக்கு வரும்போதெல்லாம் அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்வான்.

மனு எழுதுகிற லால் பாஷாதான் பதில் சொன்னார். “எல்லாத்துக்கும் மேலே இருக்குது பாரு, அதாம்மா உங்கப்பாவுது. நம்பரு ஒண்ணு, திம்மராயன். முதல் பேரை ஒருத்தரும் மறக்கமாட்டாங்க.”

அந்த முதல் பேர் நாராயணப்பனுடையதாக இருந்திருக்க வேண்டும். விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறவர்களின் நிலைமையை விசாரிக்கச் சர்க்கார் கமிட்டி போட்டிருக்கிறது, குடிகள் தங்கள் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்று மத்திகிரிச் சந்தையில் தண்டோரா போட்டதைக் கேட்டு வந்தவன் அவன்தான். வீடு வீடாகப் போய்ப் பயந்தவர்களுக்குத் தைரியம் சொன்னவனும் அவன்தான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விதை ராகியை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பங்கு போட வேண்டும்; காரணம் சொல்லாமல் யாரையும் நிலத்தை விட்டு இறக்கக் கூடாது. இவ்வளவுதான்.

லால் பாஷா மைத்தட்டைத் திறந்து நீட்டிய நேரம் பார்த்து, நிலக்காரரின் கணக்குப்பிள்ளை வேறு ஏதோ வேலையாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நாராயணப்பனின் கை தானாகப் பின்வாங்கியது.

“கையெல்லாம் சுண்ணாம்பு பாய். கழுவிக்கினு வந்துடறேன்.”

கிணற்றடியில் இல்லாத சுண்ணாம்பை அவன் வெகுநேரம் கழுவினான். கணக்குப்பிள்ளை போனதைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது எல்லோரும் வைத்து முடித்திருந்தார்கள்.

“ஏண்டா, கை கழுவப் போனியா, காவேரியிலே தலை முழுகப் போனியா?” என்றான் திம்மராயன், மை படிந்த விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே. “உனக்குன்னு கடைசியிலே கொஞ்சம் எடம் விட்டிருக்குது. வெய்யி.”

நாராயணப்பன் பதினேழாவதாக வைத்தான்.

மனு கமிட்டி ஆபீஸுக்குப் போயிற்று. அங்கிருந்து நிலக்காரரின் பதிலைக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதில் பதினேழு பேரையும் எழுதவில்லை. ‘திம்மராயன் வகையறா மனு’ என்று ஒரே வரி. எழுதிய குமாஸ்தா மனதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. முதல் பேரை எழுதி மற்றவர்களை வகையறா என்று முடிப்பதுதான் எல்லா ஆபீஸிலும் வழக்கம்.

நிலக்காரர் குடிகளைக் களத்துக்கு வரச் சொன்னார். கடிதத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். சத்தம் போடவில்லை.

“வகையறா யாரு யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் இஷ்டமில்லே. இந்த யோசனை யாருது? அதை மட்டும் சொல்லுங்க.”

நாராயணப்பன் தன் கால் விரல்களைப் பார்த்தான். வீட்டில் அவன் மனைவி சரசம்மாவுக்கு ஏழு மாதம். ‘என்னுது சாமி’ என்று இரண்டே வார்த்தைதான். நாக்கு வரைக்கும் வந்து நின்றது. தலை நிமிர்ந்தபோது திம்மராயன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். கோபம் இல்லை.

“என் யோசனைதான் சாமி,” என்றான் திம்மராயன். “இவங்களுக்கு அதிலே என்ன எழுதியிருக்குதுன்னே தெரியாது. நான் வெக்கச் சொன்னேன், வெச்சாங்க.”

அந்த ஆடியில் திம்மராயனின் கலப்பையை நிலக்காரர் நிலத்தில் இறங்க விடவில்லை. ஊரில் வேறு யாரும் அவனைக் கூலிக்குக் கூப்பிடவும் துணியவில்லை. பெங்களூர்ப் பக்கம் செங்கல் சூளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி வெங்கடம்மாளையும் காவேரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஜூஜுவாடி வரைக்கும் நாராயணப்பன் மூட்டையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தான். வழியெல்லாம் பேச முயன்று, மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினான்.

“போதும், மூட்டையைக் குடு,” என்றான் திம்மராயன். “மூஞ்சை இப்பிடி வெச்சுக்காதேடா, எருமை கன்னு போட்டமாதிரி. புள்ளத்தாச்சி வீட்டிலே இருக்குது, போ. கமிட்டி வர்ற அன்னிக்கு மட்டும் சேதி சொல்லி அனுப்பு. நான் வந்து நின்னு சொல்றேன். முதல் பேரு என்னுதாச்சே!”

காவேரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். “மாமா, நம்ம விரலைச் சர்க்காரு பார்த்துட்டாங்களா?”

“பார்ப்பாங்க கண்ணு.”

தை மாதம் கிருஷ்ணகிரி பங்களாவில் கமிட்டி உட்காரப் போகிறது என்று தெரிந்ததும், நாராயணப்பன் பெங்களூர் போகிற லாரிக்காரர் தஸ்தகீரிடம் சேதி சொல்லி அனுப்பினான். நாலாம் நாள் தஸ்தகீர் லாரியை நிறுத்திவிட்டுத் தானே வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மார்கழியிலேயே காய்ச்சல்லே போயிட்டாம்பா. அந்தம்மா குழந்தையைக் கூட்டிக்கினு கல்லாவிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சாம்.”

நாராயணப்பன் அழவில்லை. தொட்டிலில் கிடந்த தன் பிள்ளையைப் பார்த்தான். அது பாலுக்காகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. சின்னஞ்சிறு கட்டைவிரல்.

கிருஷ்ணகிரிக்கு அவன் ஒருவன்தான் போனான். மற்றவர்கள் அவரைக்காய் பறிக்க வேண்டும் என்றார்கள். பங்களாத் தாழ்வாரத்தில் டவாலிச் சேவகன் காகிதத்தைப் பார்த்துக் கூவினான். “திம்மராயன் வகையறா! திம்மராயன் வகையறா!”

செத்தவன் பேரை வாசலில் நின்று ஒருவன் இப்படிக் கூப்பிட்டதும் நாராயணப்பன் முன்னால் வந்து நின்றான்.

“திம்மராயன் நீதானா?”

“இல்லீங்க. நான் வகையறாங்க.”

தாழ்வாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. “முதல் மனுதாரர் எங்கேப்பா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தவறிட்டாருங்க.”

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். “அப்போ ஆஜராகலைன்னுதான் எழுதணும். அந்த மனு அதோட முடிஞ்சுது. உனக்குச் சொல்ல வேண்டியது இருந்தா உன் பேர்லே எழுதிப் போடு. பின் தாழ்வாரத்திலே பெட்டி இருக்குது, அஞ்சு மணிக்குத்தான் எடுப்போம். ஆனா ஒண்ணு, நிலக்காரருக்கும் நகல் போகும்.”

லால் பாஷா அன்று அங்கேயே வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தார். நாராயணப்பன் சொல்லச் சொல்ல எழுதினார். முதல் மனு தன் யோசனை. திம்மராயன் பொய் சொல்லித் தங்களைக் காத்தான். அதனால் நிலம் இழந்தான், உயிரும் இழந்தான். அந்த நிலத்தை அவன் மனைவிக்கும் மகளுக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பாஷா பேனாவை நிறுத்தினார். “உன் நிலமும் போயிடும், நாராயணா. கைக்குழந்தைக்காரன்.”

“தெரியும் பாய்.”

“வகையறான்னு போடட்டுமா? பதினாறு பேரு இருக்கீங்க.”

“வேணாம். நான் ஒருத்தன்தான்.”

பாஷா கடைசி வரியை எழுதி, காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்து, மைத்தட்டைத் திறந்தார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலே எழுந்தார். “தொழுகைக்கு நேரமாச்சு. நான் போயிட்டு வர்றேன். அவசரமில்லே.”

மரத்தடியில் யாரும் இல்லை. ஓசூரில் இருந்திருந்தால் தலை நிமிர்ந்ததும் சந்திரசூடேசுவரர் கோயில் மலை தெரிந்திருக்கும். இங்கே தெரியவில்லை. தெரியாத இடத்திலும் அவர் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு, ஒன்று என்று எழுதியிருந்த இடத்தில் நாராயணப்பன் கட்டைவிரலை அழுத்தி வைத்தான். அதற்குக் கீழே காகிதம் வெறுமையாக இருந்தது.

பின் தாழ்வாரத்தில் கதவு சாத்தியிருந்தது. மை காயும்வரை நின்றான். காகிதத்தை நாலாக மடித்துப் பெட்டிக்குள் விட்டான். அது அடியில் போய் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

விரலைத் துடைக்காமல் பஸ்ஸுக்கு நடந்தான்.