எக்கேக்கோவின் முதுகில்

செலஸ்தினாவின் கணவன் வென்செஸ்லாவ் ஓடிப்போகவில்லை. தொப்பிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எக்கேக்கோ என்ற அதிர்ஷ்டப் பொம்மையின் முதுகில், மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் உயரம், சிவப்பு ஸ்வெட்டர். லா பாஸின் அந்தச் செங்குத்துத் தெருவே நின்று பார்த்தது.

முதலில் போனது அடுப்பு. சந்தையிலிருந்து திரும்பும் வழியில் செலஸ்தினா அந்த அதிர்ஷ்டப் பொம்மையைக் கவனித்தாள். மீசை, விரித்த கைகள், திறந்த வாய், முதுகு நிறையச் சின்னச் சின்னச் சாமான்கள். அவற்றில் ஒரு பச்சை அடுப்பு, கால் நசுங்கியது, அவளுடையதேதான். வீட்டில் அடுப்பு நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு தையல் மிஷின் போனது, அப்புறம் கட்டில்.

"வாராவாரம் வெள்ளிக்கிழமை வைக்கிற சிகரெட்டை மறந்துட்டேம்மா, கோவத்துல இருக்கு" என்றார் கடைக்காரர் எவரிஸ்தோ. உடனே ஒன்றைப் பற்றவைத்துப் பொம்மையின் வாயில் செருகினார்.

மினிபஸ் ஓட்டும் வென்செஸ்லாவ் எதற்கும் பயப்படாதவன். அந்தச் சிகரெட்டைப் பிடுங்கித் தன் வாயில் வைத்தான். "வீட்டையே காலி பண்ணிட்டு உமக்குப் புகை வேறயா, பெரியவரே?" என்று பொம்மையிடம் கேட்டான். தெரு சிரித்தது. அன்று சாயங்காலம் மூலையில் மினிபஸ் உறுமிக்கொண்டு நின்றது, ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை.

பொம்மையை அவளுக்கு விற்க எவரிஸ்தோ மறுத்தார். தனக்குத் தானே வாங்கினால் ஆகாது, யாராவது பரிசாகத்தான் தர வேண்டும். தங்கை இரேனியா வாங்கித் தந்தாள்.

"இதை வீட்டுக்குள்ள விடாதக்கா."

"அவரைக் கடை ஜன்னல்லயே கிடக்க விடச் சொல்றியாடி?"

செலஸ்தினா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிடவில்லை. மாவுப் பானை வற்றவில்லை, கோழிகள் இரட்டை மஞ்சள்கரு முட்டைகள் இட்டன. அவன் மட்டும் இறங்கவில்லை. எதையோ சொன்னான்; குரல் எட்டவில்லை. வருடங்கள் போயின. ஒரு குளிர்காலத்தில் அவன் பொம்மை முதுகிலிருந்த அந்தக் குட்டிக் கட்டிலின் ஓரமாகச் சுருண்டு, சுவர்ப் பக்கம் அவளுக்கு இடம் விட்டுப் படுத்திருப்பதைப் பார்த்தாள். அன்றே தன் நல்ல தொப்பியை அணிந்து, சாவியைத் தங்கையிடம் கொடுத்தாள்.

"அழாம கதவைச் சாத்திட்டுப் போடி. வெள்ளிக்கிழமையை மறந்துடாத."

இரேனியா மறக்கவில்லை. சிகரெட் எரியும்போது, இப்போது அக்காவும் குடியேறிய பொம்மையின் முதுகிலிருந்து உருளைக்கிழங்கு சூப் மணக்கும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டாள். மறுநாள் அவளுடைய குடையைக் காணோம். அவள் தேடவில்லை. பாரத்தில் பின்னால் சாயத் தொடங்கிய பொம்மைக்கு ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்துவிட்டு, தீக்குச்சியைக் கிழித்தாள்.