வெள்ளித் தகட்டில் இரண்டு எழுத்து

வாலண்டீனுக்கு அன்று காலையிலிருந்தே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. மூன்று துப்பாக்கிக் குழல்களுக்கு உள்ளே, குண்டு சுழன்று பாய்வதற்கான சுழல்வரி அறுத்து முடித்து நிமிர்ந்தால், பட்டறை வாசலில் அப்பொலோனியா நிற்கிறாள். இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று. அவள் கையில் அவன் தம்பி மெல்கியோரின் நீளத் துப்பாக்கி இருந்தது.

தம்பி அவளைக் கட்டியபோது வாலண்டீனே செய்து கொடுத்தது அது. அலையலையாக வரியோடிய மேப்பிள் கட்டை, கன்னம் படும் இடத்தில் எட்டுமுனை வெள்ளி நட்சத்திரம், கட்டையில் குடைந்த சின்னப் பெட்டிக்குப் பித்தளை மூடி, அதில் கொடிச் சித்திரம். கட்டைவிரல் படியும் இடத்தில் முட்டை வடிவில் ஒரு வெள்ளித் தகடு, அதில் தம்பியின் பெயரெழுத்து இரண்டு. ஒஹாயோ பக்கம் செவ்விந்தியரோடு நடந்த சண்டைக்குப் போனவர்களுக்குப் பட்டாளமே துப்பாக்கி கொடுத்ததால் இதை வீட்டில் விட்டுப் போனான். நாலு வருஷமாக ஆளும் வரவில்லை, சாவுச் சேதியும் வரவில்லை. ஊரே கைவிட்ட பிறகும் வாலண்டீன் ஒருவன்தான் வருவான், வருவான் என்று சாதித்துக்கொண்டிருந்தான்.

"இந்த எழுத்தை எடுத்திடுங்க பெரியத்தான். தேவால்டோட எழுத்தைப் போடணும். வர்ற ஞாயித்துக்கிழமை பாதிரியார் எங்க ரெண்டு பேர் கல்யாண ஓலையைக் கோயில்ல வாசிக்கப்போறாரு."

"கட்டிக்கப்போறவனுக்குச் சொந்தமா ஒரு துப்பாக்கிக்கு வக்கில்லையா? அடுத்தவன் மாட்டைக் கேட்டு வாங்கி உழுறவன்தானே!"

"இருந்தா இதை ஏன் தூக்கிட்டு வர்றேன்? நக்கல் பண்ணாதீங்க. கேக்க எனக்குத் தெம்பில்ல."

வாலண்டீன் தகட்டைத் தடவிப் பார்த்தான். எந்நாளும் யாரும் அழிக்கக் கூடாதென்று ஆசை ஆசையாய் ஆழ வெட்டிய எழுத்து. அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"தகட்டைக் கழட்டிப் புரட்டிப் போட்டுடறேன். மேல தேவால்டு எழுத்து. நம்மாளு எழுத்து அடியில, மரத்துப் பக்கம், அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அவன் திரும்பி வந்தா..."

"வேண்டாம்." அவள் குரல் உயரவில்லை. "அடியில கிடந்தா எனக்குத் தெரியும். தொடுறப்பல்லாம் தெரியும். நாலு வருஷமா நாய் குரைச்சா எந்திரிச்சு ஓடியிருக்கேன். இனிமே ஓட முடியல. வேற பட்டறைக்கே போயிருப்பேன். ஆனா நீங்க விடாம உங்க தம்பி என்னை விட்டுப் போகமாட்டாரு. அரத்தை எடுங்க."

எடுத்தான். எழுத்து லேசில் மசியவில்லை. இவ்வளவு ஆழமாய் வெட்டிய தன் கையையே வாய்க்குள் திட்டிக்கொண்டு ராவினான். முதலில் ஓரத்துச் சுழி போயிற்று, பிறகு ஒரு கால், பிறகு மற்றொன்று. தகடு பாதியாய் மெலிந்த பிறகுதான் கடைசிக் கோடும் போயிற்று.

தம்பி செத்துப்போனான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அரத்தைப் போட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டி எதிரில் நிற்கிறாளே என்றும் பாராமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பொலோனியா எப்போதோ அழுது முடித்தவள். அவன் முடிக்கும்வரை காத்து நின்றாள்.