வெள்ளி பூசிய சங்கிலி

காகிதத் தாமரைகளை வெள்ளைத் துணிக்கு அடியில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. மன்றத்துச் செயலாளர் சேதுராமன் குண்டூசிப் பெட்டியும் கையுமாக டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து, "கசக்காதீங்கலா! நாளைக்கு வேணும்!" என்று குரலைத் தாழ்த்திக் கத்தினார். சாவு வீட்டில் உரக்கக் கத்தக் கூடாது என்கிற இங்கிதம் அவருக்கு உண்டு.

கூடத்தில் கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரைகளை அவள் பார்க்கவில்லை. லோரியின் வாலுக்கும் டிரெய்லரின் மூக்குக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தையே பார்த்தாள். அங்கே சங்கிலி இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் இதே டிரெய்லருக்கும் ஒரு மதில்சுவருக்கும் நடுவில் அகப்பட்டார் அவள் புருஷன், லோரி டிரைவர் மருதமுத்து. வியாழன் விடிய ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. இன்று வெள்ளி. விடிந்தால் சனி, மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். இன்றைக்கு அவரைச் சுடுகாட்டுக்கு ஏற்றிப் போகிற டிரெய்லர்தான் நாளைக்கு மெர்டேக்கா ஊர்வலத்திலும் போக வேண்டும். மன்றத் தலைவர் கலியாணசுந்தரம் இரண்டு ஊர்வலத்துக்கும் நிகழ்ச்சி நிரல் அச்சடித்துவிட்டார். வீண் செலவு பிடிக்காதவர். ஒரே தாளின் இரண்டு பக்கங்களிலும் அடித்திருந்தார்.

மன்றம் என்றால் சாதாரண மன்றமில்லை. காஜா பேராங் வட்டார இந்தியர் ஒழுக்க மேம்பாட்டு மன்றம். அதன் பலகை, மன்றம் நடக்கிற அறையைவிட நீளம். ஊர்வலத்துக்கென்று அவர்கள் சாந்தில் ஒரு தொழிலாளி சிலை செய்தார்கள். ஆள் உயரம், இரண்டு கையையும் தூக்கி விலங்கை அறுத்தெறிகிற கோலம். விலங்குக்குக் கயிற்றில் சாயம் பூசித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். வேகவைத்த மீகூன் சேமியா மாதிரி இருந்தது. அப்போதுதான் தலைவரின் கண், லோரிக்கும் டிரெய்லருக்கும் அடியில் தொங்கிய இரும்புச் சங்கிலியில் விழுந்தது.

"சுதந்திர ரதத்துக்கு அடியில சங்கிலியா? என்ன மருதமுத்து, பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"இணைப்புப் பின்னு தவறினா வண்டியைப் பிடிச்சு நிறுத்தறது அதுதான் தலைவரே."

"தவறும் தவறும்னு நினைச்சுகிட்டே வண்டி ஓட்டினா இந்தச் சமுதாயம் எப்பய்யா முன்னேறும்?"

மருதமுத்துவுக்குச் சமுதாயம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி. சங்கிலியை நடுவில் அறுத்து, வெள்ளி பெயின்ட் அடித்து, சிலையின் மணிக்கட்டுக்கு ஒன்றாக மாட்டினார்கள். எல்லாரும் பார்க்க வேண்டுமென்று சிலையை டிரெய்லரின் கடைசியில் நிறுத்தினார்கள். "பாரம் பின்னாடி போனா மூக்கு தூக்கும் தலைவரே" என்று அதற்கும் கெஞ்சினார். மூன்று நாள் கெஞ்சினார். நாலாம் நாள் ஒத்திகை.

மேட்டில் ஏறும்போது மூக்கு தூக்கிற்று. குலுங்கிக் குலுங்கி, பின்னைத் தாங்கிய சின்னக் கம்பி ஒடிந்து, பின் வெளியே வந்து விழுந்தது. டிரெய்லர் பின்னால் உருண்டது. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு பொம்பளைகள் வந்துகொண்டிருந்தார்கள். மருதமுத்து லோரியிலிருந்து குதித்து ஓடி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்தார். வண்டி நின்றது, அவரையும் சுவரோடு சேர்த்துத்தான் நின்றது. மேலே நின்றிருந்த தலைவர், ஜனங்கள் சிதறி ஓடுவதை எழுச்சி என்று எண்ணிக் கைகூப்பினாராம்.

பூங்காவனத்துக்கு இந்த இருபத்திரண்டு வருஷத்தில் டிரெய்லர் பாடம் மனப்பாடம். சோற்றில் கைவைத்தால் அந்தப் பேச்சுத்தான். வளையத்துக்கு கிரீஸ் வைக்கணும். தேய்ஞ்சிருக்கான்னு கட்டைவிரலால தடவணும். பாரம் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கணும். சங்கிலி ரெண்டு வேணும், குறுக்கா போடணும். மூக்கு விழுந்தா தரையில விழக் கூடாது, சங்கிலி மடியில விழணும். முன்பு வண்டி ஓட்டிய தோட்டத்தில் ஒன்றுதான் கொடுத்தார்கள், இங்கேயும் ஒன்றுதான். இரண்டாவது சங்கிலி அவருடைய நெடுநாள் ஆசை. மற்ற ஆண்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஆசைப்படுகிற மாதிரி.

புறப்பட்டால் முதல் முக்கில் நிறுத்திவிடுவார். இறங்கி, குந்தி, கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். பிரசவ வலியோடு அவளை லோரியில் ஏற்றிப் போன அன்றைக்கும், பின்னால் டிரெய்லர் இருந்ததால், முதல் முக்கில் நிறுத்தினார். அன்றைக்கு அவள் திட்டின திட்டு தெருவுக்கே கேட்டது. அப்படிப் பிறந்த கணேசமூர்த்தியைத்தான் இன்று அப்பன் தலைமாட்டில், டிரெய்லரின் கடைசி ஓரத்தில் உட்கார வைக்கப் போகிறார்களாம். நிரலில் போட்டிருக்கிறது: தலைமகன் அமர்தல். சுடுகாட்டுக்குப் போகவும் அதே மேட்டில்தான் ஏறியாக வேண்டும்.

தம்பி கருப்பையா பக்கத்தில் வந்து குனிந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தச் சங்கிலியை மாட்டச் சொல்லுடா."

"எந்தச் சங்கிலிக்கா?"

"சிலை கையில தொங்குதே, அதை. என் புள்ளையை அந்த வண்டியில ஏத்தறாங்கடா."

கருப்பையாவின் தோளில் கறுப்புப் பட்டை. மன்றம் கொடுத்தது, நாலு பேருக்குத்தான் கொடுத்தார்கள், அதில் அவன் ஒருத்தன். "அக்கா, தோட்டத்துத் துரை செத்தாக்கூட இப்படி ஒரு வண்டி கிடைக்காது. மாமா பேரு பேப்பர்ல வரப் போகுது. இந்த நேரத்துல சங்கிலி, ஆணின்னு பேசினா நல்லாவா இருக்கு? அழுவுக்கா. அழுதா தேவலாம்."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். கூடத்திலிருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சேதுராமன் குண்டூசியைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். கேட்டபிறகு நிரலை எடுத்தார்.

"பாருங்கம்மா. மூணு மணி, இரங்கலுரை. மூன்றரை, மலர்வளையம். நாலு, புறப்பாடு. சங்கிலி மாட்டறதுக்கு இதுல எங்க இடம் இருக்கு?"

"ரெண்டு நிமிஷ வேலைங்க."

"அதுவும் அது இப்ப சங்கிலி இல்லம்மா. விலங்கு."

அவள் கொல்லைப்பக்கமாகப் போய், கிணற்றடி வழியே சுற்றி லோரிக்கு வந்தாள். தம்பிராஜா முன்சக்கரத்தில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தான். மருதமுத்துவோடு எட்டு வருஷம் கூட ஓடினவன். நேற்றிலிருந்து சாவி அவனிடம்.

அவள் குனிந்து பார்த்தாள். பின்னின் அடியில் மெல்லிய கம்பி ஒன்று முறுக்கியிருந்தது.

"இது என்னடா?"

"பூ கட்டற கம்பிக்கா. பழசு அன்னிக்கே ஒடிஞ்சு போச்சு. கடையெல்லாம் மெர்டேக்காவுக்குச் சாத்திட்டான்."

"உங்க அண்ணன் இருந்தா இப்படி வண்டி எடுப்பாரா?"

தம்பிராஜா லோரியின் பலகையைப் பார்த்தான். "எடுக்க மாட்டாருக்கா."

"நீ எடுப்பே."

"சொல்லிப் பார்த்தேன்கா. நேத்துதான் சாவி கொடுத்தாங்க. ரெண்டாவது வாட்டி சொன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்ங்கிறாங்க." சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மெதுவா ஓட்டறேன்கா" என்றான். சொன்னவனுக்கே அது பிடிக்கவில்லை.

உள்ளே சங்கு ஊதினார்கள். அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டாயிற்று. அவள் கையிலிருந்த அரிசி பாதி தரையில் சிந்தியது. அவரைத் தூக்கி டிரெய்லரில் வைத்தபோது டிரெய்லரின் மூக்கு லேசாக மேலே எழுந்து, டக் என்று பின்னில் இடித்தது. அழுகைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கும் தம்பிராஜாவுக்கும் கேட்டது.

கணேசமூர்த்தியை மேலே ஏற்றினார்கள். இருபது வயசுப் பிள்ளை. இரண்டு நாளாக எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருந்தான். இங்கேயும் அப்படியே உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய சிலை, கைகளைத் தூக்கிக்கொண்டு பேய் மாதிரி நின்றது.

தலைவர் டிரெய்லரின் பின்பக்கம் ஏறி நின்று துண்டைச் சரிசெய்தார்.

"மருதமுத்து என்னும் மாமலை சாய்ந்தது! உழைப்பாளி. உத்தமர். முட்டுக்கட்டையைச் சற்றே, ஒரு கணம் முன்னால் வைத்திருந்தால், இன்று நம்மோடு நின்று நாளைய விடியலைக் கண்டிருப்பார். விதி யாரை விட்டது! ஆனாலும் என்ன? அவர் ஓட்டிய அதே ரதத்தில்…"

"தலைவரே."

கூட்டம் திரும்பியது. விரித்த தலையோடு பூங்காவனம் வழி விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தலைவரே, சங்கிலியை மாட்டிட்டு எடுங்க. காலில விழறேன்."

"துக்கம் பேசுது. பேசட்டும்" என்றார் தலைவர், கூட்டத்தைப் பார்த்து. "யாராவது அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போங்க."

"அம்மா, விடும்மா" என்றான் கணேசமூர்த்தி. இரண்டு நாளில் அவன் பேசின முதல் வார்த்தை.

அவள் சக்கரத்தின் குடத்தில் கால் வைத்து மேலே ஏறினாள். அழுது மேலே விழப் போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். அவள் கணவனைத் தாண்டிப் போய்ச் சிலையின் துணியைப் பிடித்து இழுத்தாள். கண்ணை உருட்டிக்கொண்டு தொழிலாளி வெளியே வந்தான். மணிக்கட்டில் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினாள். ஒன்று வந்தது. மற்றது வரும்போது சாந்துக் கையையும் முழங்கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ, கை!" என்று சேதுராமன் அலறினார். அன்றைக்கு அந்த வாசலில் கேட்ட அழுகையில், நெஞ்சிலிருந்து வந்தது என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

சங்கிலிகளோடு இறங்கி, லோரிக்கும் டிரெய்லருக்கும் நடுவே போய், இழுவைக் கம்பத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மாட்டாம எடுத்தா என்மேலதான் எடுக்கணும்."

தலைவர் இறங்கி வந்தார். சேதுராமனின் காதருகே, "இப்ப மாட்டினா, அன்னிக்கு ஏன் மாட்டலைன்னு கேப்பானுங்கய்யா" என்றது அவளுக்கும் நன்றாகக் கேட்டது. சத்தமாக, "அம்மா, சமுதாயம் பார்த்துகிட்டிருக்கு" என்றார்.

சமுதாயம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தப்படிக்கிறவர்கள் குச்சியை இடுக்கிக்கொண்டார்கள். கருப்பையா பட்டையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். யாராவது இரண்டு பேர் வந்து அவளைத் தூக்கினால் தூக்கிவிடலாம். அவளுக்கு அது தெரியும். இரண்டு நாளாக ஒரு கவளம் சோறு உள்ளே போகவில்லை.

மேலே பலகை கிறீச்சிட்டது. கணேசமூர்த்தி இறங்கினான். யாரையும் பார்க்காமல் லோரியின் கருவிப்பெட்டியைத் திறந்து, போல்ட்டும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு, கோடி வேட்டியோடு அம்மாவின் காலடியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். தம்பிராஜா ஒரு நிமிஷம் நின்றான். பிறகு பந்தலில் இருந்து நாலங்குல ஆணி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பூக்கம்பியை வெட்டி எறிந்துவிட்டு அதைச் சொருகி வளைத்தான்.

"ரெண்டா இருக்குக்கா" என்றான், அறுத்த சங்கிலிகளைப் பார்த்து.

"குறுக்கா போடு. வளையறதுக்கு ஒரு கை தளர்வு விடு. விழுந்தா மடியில விழணும்."

"தெரியும்கா."

முடிந்ததும் அவள் எழுந்து தலைவரிடம் போனாள்.

"தலைவரே, நீங்க, செயலாளர், மலர்வளையக்காரங்க எல்லாரும் வண்டியில முன்னாடி நிக்கணும். லோரிக்குப் பக்கத்துல. பெரியவங்க பின்னாடி நின்னா அவருக்கு மரியாதை இல்லை."

தலைவர் யோசித்தார். முன்னால் என்பது அவருக்குப் பழகிய இடம். மன்றத்தில் கனத்த ஆட்கள் ஏழு பேரும் அவர் பின்னால் ஏறி முன்வரிசையில் நின்றார்கள். டிரெய்லரின் மூக்கு நிதானமாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. தம்பிராஜா அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாலே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. தப்பு முழங்கியது. லோரியின் புகை முழுக்கத் தலைவரின் முகத்தில் அடித்தது. பெண்கள் தெரு முனையோடு நின்றார்கள். பூங்காவனமும் நின்றாள். ஒரு கை போன தொழிலாளி மெல்ல ஆடிக்கொண்டு போனான். அவன் காலடியில் அவள் பிள்ளை.

முதல் முக்கில் லோரி நின்றது.

தப்பும் நின்றது. "என்னலா ஆச்சு?" என்று கருப்பையா முன்னால் ஓடினான். தலைவர் இருமிக்கொண்டே கையை ஆட்டினார். லோரிக் கதவு திறந்தது. தம்பிராஜா இறங்கி, பின்னால் வந்து, இரண்டுக்கும் நடுவே குந்தி, கையை உள்ளே விட்டான். ஒவ்வொன்றாகத் தடவினான். ஒன்றும் அவசரமில்லாதவன் மாதிரி.

"பூங்காவனம், குளிக்க வாம்மா" என்று யாரோ தோளைத் தொட்டார்கள்.

தம்பிராஜா எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினான்.

"வண்டி முக்குத் திரும்பட்டும்" என்றாள். உள்ளங்கை இரண்டிலும் வெள்ளி பெயின்ட் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் கைகளை மூடிக்கொண்டாள்.